ஏடு காத்த பெருந்தகை சி. வை. தாமோதரம்பிள்ளை

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே 1832ஆம் ஆண்டு தோன்றியவர் இராவ்பகதூர் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள். வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்ற இவர், சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். உத்தியோகமும் மதிப்பும் தேடிவந்தன. எனினும், பழந்தமிழ் நூல்களைத் தாங்கிய பனையோலைகள் செல்லரித்தும் நொறுங்கியும் அழிந்துபோவதைக் கண்டு அவர் வாளாவிருந்திலர்.

இவருக்கு வழிகாட்டியாய் அமைந்தவர் நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள். நாவலரவர்கள் பரிசோதித்துக் கொடுத்த தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையருரையைப் பிள்ளையவர்கள் 1868இல் அச்சேற்றினார். 1879இல் நாவலரவர்கள் சிவபதமடைந்தபின், அப்பாரத்தைத் தாமே சுமக்கலானார். ஏட்டுப் பிரதிகளைத் தேடிப் பெற்று, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, 1881இல் வீரசோழியம், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை என ஒவ்வொன்றாய் வெளியிட்டார். 1901இல் மறையும்வரை தமிழை மறந்திலர்.

நாவலரவர்களைக் கண்டு பிள்ளையவர்கள் எழுந்தார். பிள்ளையவர்களைக் கண்டு நாம் எழுதல் வேண்டாவா? நம் வீட்டுப் பெட்டகத்திலும் பழைய ஏடொன்று, கையெழுத்துப் பிரதியொன்று கிடத்தல் கூடும். இளைஞர்காள்! குப்பையென்று எறியுமுன் அதனை விரித்துப் பார்ப்போமாக. பெரியோர்காள்! அருகிருந்து வாசித்துக் காட்டுவீராக. இதுவே நாம் அப்பெருந்தகைக்குச் செலுத்தும் நன்றியாகும்.