பலா வைரத்தில் நிறம் கண்டவர்

புனே நகருக்குப் படிக்க வந்த நம்மில் பலர் பாஷாணிலுள்ள தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தைக் கடந்து சென்றிருப்போம். 1950-ல் திறக்கப்பெற்ற அக்கூடத்தின் முதல் இந்திய இயக்குநர் ஒரு தமிழர் என்பதை எத்தனை பேர் அறிவோம்? அவரே டாக்டர் கிருஷ்ணசாமி வேங்கடராமன்.

1901-ல் சென்னையில் பிறந்த அவர், மாநிலக் கல்லூரியில் இரசாயனம் பயின்றார். உபகாரச் சம்பளம் பெற்று மான்செஸ்டர் சென்று, ராபர்ட் ராபின்சனிடம் ஆராய்ச்சி செய்தார். தாயகம் திரும்பிப் பெங்களூரில் சில காலம் இருந்தபின், லாகூர் போர்மன் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியரானார். மலருக்கும் மரத்துக்கும் மஞ்சள் நிறம் தரும் பிளேவோன்களை ஆக்கும் வழியை அங்கிருந்தபோதுதான் கண்டார். இங்கிலாந்தில் வில்சன் பேக்கரும் அதே காலத்தில் தனியே கண்டமையால், பாடநூல்கள் அதனைப் பேக்கர்–வேங்கடராமன் மாற்றம் என்கின்றன. 1934-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் இரசாயனத் தொழில்நுட்பத் துறைக்கு வந்தார். 1938-ல் அதன் தலைவரானார். 1952-ல் செயற்கைச் சாயங்களைப் பற்றிய அவருடைய பெருநூல் இரண்டு பாகங்களாய் வெளிவந்தது. 1957 முதல் 1966 வரை புனே ஆய்வுக்கூடத்தை நடத்தினார்.

நான் அவரை நெருங்கி அறிந்தது மரத்தூளினால்தான். மரத்திற்கு உறுதி தரும் லிக்னினை அளப்பது என் வேலை. ஸ்வீடன் நாட்டுக் கிளாசனின் பெயரால் வழங்கும் முறையில், தூளை 72 சதவீதக் கந்தக அமிலத்தில் ஊறவைத்து, நீர் சேர்த்துப் பல மணி நேரம் கொதிக்கவைக்கிறோம். செல்லுலோஸ் முதலியவை சர்க்கரையாய்க் கரைந்துவிடும். கரையாது நிற்கும் பழுப்பு வண்டலை உலர்த்தி நிறுத்தால் லிக்னின் கணக்கு கிடைக்கும்.

ஆனால் அதற்கு முன்பே நிறப்பொருள்களையும் பிசின்களையும் கரைப்பான் கொண்டு நீக்கிவிட வேண்டும். இல்லையேல் அவையும் வண்டலோடு சேர்ந்து கணக்கை உயர்த்திக் காட்டும். பலா மரத்தின் வைரத்தை இப்படி வடிக்கும்போது குடுவையில் பொன்மஞ்சள் சாறு இறங்கும். லிக்னின் அளப்பவனுக்கு அது இடையூறு. வேங்கடராமனுக்கோ அதுவே செல்வம். அவரும் அவர் மாணாக்கரும் அந்த மஞ்சளைப் பொருள் பொருளாகப் பிரித்து, ஆர்ட்டோகார்ப்பின் முதலியவற்றின் அமைப்பை ஆராய்ந்தனர். அரக்குப் பூச்சியின் செந்நிறத்தையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை.

1961-ல் பத்மபூஷண் விருது பெற்ற அப்பெரியார் 1981-ல் மறைந்தார். சென்னை, மான்செஸ்டர், லாகூர், பம்பாய், புனே என்று ஊர்கள் மாறின. நிறத்தின் மீது அவர் கொண்ட பற்று மாறவில்லை. பிழைக்கவும் படிக்கவும் ஊர்விட்டு வந்த நமக்கு அதில் பாடம் உண்டு. ஒரு சோதனையில் நாம் வடித்துக் கொட்டுவது, இன்னொருவரின் வாழ்நாள் ஆராய்ச்சியாக இருக்கலாம். கொட்டுமுன் அது என்னவென்று கேட்கப் பழகுவோம்.