நீரோவின் நாணயம்

கி.பி. 54 ஒக்டோபரில் உரோமப் பேரரசனாக நீரோ அரியணை ஏறியபோது, அவனுக்கு 17 வயது நிரம்ப இன்னும் இரண்டு மாதங்கள் இருந்தன. உயர்தரத்தில் கிரேக்க, உரோம நாகரிகம் படிக்கும் என்னை முதலில் நிறுத்தியது அந்த வயதுதான். என் வயதுப் பையன் ஒருவன் கையில் அத்தனை நாடுகள்!

நாணயம் சேகரிப்போர் அவனுடைய காசுகளைக் கால வரிசையில் அடுக்கி வைப்பார்கள். தெனாரியஸ் என்னும் சிறிய வெள்ளிக் காசுகளில் அவன் வாழ்க்கை முழுவதும் இருக்கிறது. முதல் வருடத்துக் காசில் மெலிந்த கழுத்துடைய பையனும் தாய் அக்ரிப்பினாவும் நேருக்கு நேர் பார்த்தபடி இருக்கிறார்கள். முன்பக்கத்தில் பொறித்திருப்பது தாயின் பெயர். பேரரசனின் பெயருக்குப் பின்பக்கம்தான் கிடைத்தது. அடுத்த வருடம் இருவரும் ஒரே திசையைப் பார்க்கிறார்கள்; மகன் முன்னே, தாய் பின்னே. அதற்கப்பால் தாயின் முகம் இல்லை. 59இல் மகனின் கட்டளைப்படியே அவள் கொல்லப்பட்டாள். ஆசிரியர் செனெக்காவையும் பின்னாளில் தற்கொலை செய்துகொள்ள வைத்தான். காசிலிருக்கும் முகமோ கன்னம் பருத்து, கழுத்துத் தடித்துக்கொண்டே போகிறது.

இந்தக் காசுக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்புண்டு. நீரோவின் வளர்ப்புத் தந்தை கிளோடியஸின் காலத்தில், அரேபியக் கரையோரம் கப்பலில் சென்ற உரோமர் ஒருவர் காற்றில் அடிபட்டு இலங்கைக்கு வந்து சேர்ந்தார். அவரிடமிருந்த தெனாரியஸ் காசுகளில் வெவ்வேறு அரசர்களின் முகங்கள் இருந்தும் எல்லாம் ஒரே நிறையாக இருந்ததை நம் அரசர் கவனித்து வியந்தார். ஆள் மாறியும் நிறை மாறாத நாட்டை நம்பலாம் என்று, நான்கு தூதுவர்களை உரோமுக்கு அனுப்பினார். பிளினி என்ற உரோம அறிஞர் இதை எழுதி வைத்திருக்கிறார்.

64இல் உரோம் நகரம் எரிந்தது. நீரோ பிடில் வாசித்தான் என்பது வெறும் கதை. பிடில் அப்போது உலகத்திலேயே இல்லை. தீ தொடங்கியபோது அவன் ஊரிலும் இல்லை. திரும்பி வந்து, வீடிழந்தவர்களுக்குத் தன் தோட்டங்களைத் திறந்துவிட்டான். ஆனால் எரிந்த நிலத்தில் தனக்குப் பொன் மாளிகை எழுப்பத் தொடங்கினான். அதே காலத்தில், ஓர் இறாத்தல் வெள்ளியில் 84 காசு அடித்த இடத்தில் 96 அடிக்கப்பட்டது. செம்பின் கலப்பும் கூடியது. காசு ஒவ்வொன்றிலும் எட்டில் ஒரு பங்கு நிறை போனது, முகம் மட்டும் பெருத்தது.

இதைச் சிறிய விடயம் என்று எண்ணுபவர்கள், எங்கள் கேகாலைப் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் வந்து பார்க்க வேண்டும். சாக்குக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழிப்பார்களோ என்று தராசிலிருந்து கண்ணெடுக்காமல் நிற்கும் அக்காமாருக்கு நிறை என்றால் என்னவென்று தெரியும். அளவையிலும் நிறுவையிலும் குறைப்போரைப் பற்றி அல்குர்ஆனில் சூரத்துல் முதஃப்பிஃபீன் என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது.

68 ஜூனில் படையும் செனட் சபையும் கைவிட, நகரத்துக்கு வெளியே ஒரு வீட்டில் ஒளிந்திருந்த நீரோ தன்னைத்தானே மாய்த்துக்கொண்டான். வயது 30.

தமிழ்நாட்டில் கரூர், கோயம்புத்தூர்ப் பக்கங்களில் புதையல்களாகக் கிடைத்த உரோம வெள்ளிக் காசுகளில் மிகப் பெரும்பாலானவை அவனுக்கு முன்னிருந்த அகஸ்டஸ், திபேரியஸ் முகங்களைக் கொண்டவை. 64க்குப் பின் அடித்த வெள்ளி அங்கே அரிதாகவே கிடைக்கிறது.