இல்யா மெச்னிகோவ்: குடல் நுண்ணுயிர்கள் குறித்த ஒரு நூற்றாண்டுக் கேள்வி

மனிதக் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் வெளியிடும் மிக நுண்ணிய குமிழிகள் உடல் நலத்தை எவ்வாறு பாதிக்கின்றன என்பது இன்று பல நாடுகளின் ஆய்வுக்கூடங்களில் ஆராயப்பட்டு வருகிறது. ஆனால் குடலில் உள்ள நுண்ணுயிர்கள் வெளிவிடும் பொருட்கள் குடலோடு நின்றுவிடாமல் முழு உடலையும் சென்றடைகின்றன என்ற கருத்து புதியதல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அதை உலகறியச் செய்தவர், 1908ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபெல் பரிசைப் பெற்ற இல்யா மெச்னிகோவ்.

அவர் எழுப்பிய கேள்வி சரியானது என்பதைப் பிந்தைய அறிவியல் ஏற்றுக்கொண்டது. அவர் அளித்த விடை அவசரமானது என்பதையும் அதே அறிவியல்தான் காட்டியது.

ஒடெசாவிலிருந்து பாரிஸ் வரை

மெச்னிகோவ் 1845ஆம் ஆண்டு கார்கிவ் நகருக்கு அருகிலுள்ள கிராமம் ஒன்றில் பிறந்தார். அன்று ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்த அப்பகுதி இன்று உக்ரைனில் உள்ளது. நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்த அவர், இளம் வயதிலேயே ஒடெசா பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியரானார்.

அவரது சொந்த வாழ்வு துயரங்கள் நிறைந்தது. முதல் மனைவி 1873இல் காசநோயால் இறந்தார். சில ஆண்டுகளின் பின் இரண்டாவது மனைவியும் கடும் காய்ச்சலால் உயிருக்குப் போராடி மீண்டார். இக்காலகட்டத்தில் மனமுடைந்த மெச்னிகோவ் இரு தடவைகள் தமது உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார்.

1881இல் பேரரசர் இரண்டாம் அலெக்ஸாண்டர் படுகொலை செய்யப்பட்டதை அடுத்து ரஷ்யாவில் அடக்குமுறை தீவிரமடைந்தது. பல்கலைக்கழகங்களும் அரசியல் நெருக்கடிக்கு உள்ளாயின. 1882இல் பதவி விலகிய மெச்னிகோவ், குடும்பத்துடன் இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள மெசினா நகருக்குச் சென்றார்.

அவரது பெயரை நிலைநிறுத்திய கண்டுபிடிப்பு அங்குதான் நிகழ்ந்தது. கண்ணாடி போல ஊடுருவிப் பார்க்கக்கூடிய நட்சத்திர மீன் குடம்பிகளின் உடலில் அவர் சிறு முட்களைச் செருகினார். மறுநாள் காலையில் நுண்நோக்கியில் பார்த்தபோது, அசையும் உயிரணுக்கள் அந்த முட்களைச் சூழ்ந்திருந்தன. உடலுக்குள் நுழையும் கிருமிகளையும் இத்தகைய உயிரணுக்கள் சூழ்ந்து விழுங்குகின்றன என்ற கோட்பாட்டை அவர் இதிலிருந்து உருவாக்கினார்.

இரத்தத்தின் திரவப் பகுதியிலுள்ள பொருட்களே உடலைக் காக்கின்றன என்று கருதிய ஜெர்மானிய அறிஞர்கள் பலர் இதைக் கடுமையாக எதிர்த்தனர். சுமார் கால் நூற்றாண்டு நீடித்த அந்தச் சர்ச்சையில் இரு தரப்பிலும் உண்மை இருந்தது. 1908இன் நோபெல் பரிசு மெச்னிகோவுக்கும், எதிர்த் தரப்பின் முன்னணி அறிஞரான பவுல் எர்லிக்கிற்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இதனிடையே 1886இல் ஒடெசாவில் அமைக்கப்பட்ட நுண்ணுயிர் ஆய்வு நிலையத்துக்கு அவர் தலைமை ஏற்றார். ஆனால் மருத்துவப் பட்டம் பெறாத ஒருவரின் கீழ் தடுப்பூசிப் பணிகள் நடப்பதை உள்ளூர் மருத்துவர்கள் விரும்பவில்லை. 1888இல் லூயி பாஸ்டர் பாரிஸிலுள்ள தமது நிறுவனத்தில் அவருக்கு இடமளித்தார். பின்னர் இறுதிவரை பாரிஸே அவரது வாழிடமாயிற்று.

காலராவும் தயிரும்

1892இல் பிரான்சில் காலரா பரவியது. அக்கிருமி எல்லோரையும் ஒரே விதமாகப் பாதிக்காதது ஏன் என்பதை அறிய, மெச்னிகோவ் காலராக் கிருமிகள் கலந்த நீரைத் தாமே அருந்தினார். அவருக்கு எதுவும் நேரவில்லை. ஆனால் தாமாக முன்வந்து அருந்திய மற்றொருவர் மரணத்தின் விளிம்புக்கே சென்று மீண்டார். இன்றைய மருத்துவ அறநெறிகள் எவையும் அனுமதிக்காத சோதனை இது.

சில நுண்ணுயிர்கள் காலராக் கிருமியின் வளர்ச்சிக்குத் துணை செய்வதையும், வேறு சில அதைத் தடுப்பதையும் அவர் ஆய்வுக்கூடத்தில் கண்டார். குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் நுண்ணுயிர்களே ஒருவர் நோயுறுவதைத் தீர்மானிக்கக்கூடும் என்ற எண்ணம் அவரிடம் வலுப்பெற்றது.

அடுத்து அவரது கவனம் முதுமையின் பக்கம் திரும்பியது. பெருங்குடலிலுள்ள பாக்டீரியாக்கள் புரதத்தை அழுகச் செய்து வெளிவிடும் நச்சுகள் இரத்தத்தில் கலந்து உடலை முன்கூட்டியே மூப்படையச் செய்கின்றன என்று அவர் வாதிட்டார். புளித்த பாலில் உள்ள பாக்டீரியாக்கள் உண்டாக்கும் அமிலம் அழுகலைத் தடுக்கும் என்பது அவர் கூறிய தீர்வு. பல்கேரியாவில் தயிர் உண்ணும் மக்களிடையே நூறு வயதைக் கடந்தவர்கள் அதிகம் எனச் சொல்லப்பட்டதை அவர் சான்றாகக் காட்டினார். 1905இல் பல்கேரிய மருத்துவர் ஸ்தாமென் கிரிகோரோவ் அந்நாட்டுத் தயிரிலுள்ள பாக்டீரியாவை இனங்கண்டது இதற்கு மேலும் வலுவூட்டியது.

ஆனால் ஒரு நாட்டு மக்களின் உணவையும் ஆயுளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நிரூபணமாகாது. இதைக் கேட்கச் சந்தை காத்திருக்கவில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தயிர்க் கிருமி மாத்திரைகள் விற்பனைக்கு வந்தன. குடல் நச்சுக் கோட்பாடு பரவிய அதே காலத்தில், லண்டன் அறுவை மருத்துவர் ஆர்பத்நொட் லேன் மலச்சிக்கல் நோயாளிகளின் பெருங்குடலையே அகற்றினார்.

மெச்னிகோவ் முதலாம் உலகப் போரின் நடுவே, 1916 ஜூலை 15ஆம் தேதி, 71ஆவது வயதில் இதய நோயால் காலமானார். அவரது அஸ்தி பாஸ்டர் நிறுவன நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளது. 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பல்கேரியத் தயிர் பாக்டீரியா மனிதக் குடலில் நிலைத்து வாழ்வதில்லை என்று காட்டியதும் அவரது கோட்பாட்டின் மீதான ஆர்வம் மங்கியது.

குமிழிகள் சொல்லும் செய்தி

அவருக்கு எட்டாதிருந்த ஒரு தகவல் வழி 1960களில் மின்னணு நுண்நோக்கியின் உதவியால் தென்பட்டது. பாக்டீரியாக்கள் தமது வெளிச்சவ்வின் சிறு பகுதிகளைக் குமிழிகளாகப் பிதுக்கி விடுகின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றின் குறுக்களவு சுமார் 20 முதல் 250 நானோமீட்டர் வரைதான். ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கே ஒரு நானோமீட்டர். மெச்னிகோவ் அருந்திய அதே காலராக் கிருமி இவ்வாறு குமிழிகளை வெளியிடுவதை சட்டர்ஜி, தாஸ் ஆகிய இந்திய ஆய்வாளர்கள் 1967இல் பதிவு செய்தனர்.

தொடக்கத்தில் கழிவாகக் கருதப்பட்ட இக்குமிழிகள் புரதங்களையும் மரபுப் பொருட்களையும் சுமந்து செல்கின்றன. குடற்சுவரைக் காக்கும் சளிப்படலத்தை முழு பாக்டீரியாக்கள் எளிதில் கடப்பதில்லை. ஆனால் அளவில் மிகச் சிறிய குமிழிகளால் கடக்க முடிகிறது. பாக்டீராய்ட்ஸ் ஃபிராஜிலிஸ் என்ற குடல் பாக்டீரியாவின் குமிழிகள் எலிகளில் குடல் அழற்சியைத் தடுப்பதாக அமெரிக்க ஆய்வாளர்கள் 2012இல் அறிவித்தனர். குடல் அழற்சி நோயுடன் தொடர்புடைய சில மரபணுக்கள் பழுதுபட்டிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. அதாவது, ஒரே குமிழி எல்லோருக்கும் ஒரே பலனைத் தருவதில்லை.

மறுபுறம், காலரா நச்சையும், அழற்சியைத் தூண்டும் பொருட்களையும் இதே வகைக் குமிழிகள் சுமக்கக்கூடும். எனவே குடல் நுண்ணுயிர்களை முழுவதும் பகைவர்களாகப் பார்ப்பது எவ்வளவு தவறோ, அவற்றின் குமிழிகளை அருமருந்தாகப் பார்ப்பதும் அவ்வளவே தவறு. இத்துறையின் முக்கிய முடிவுகள் பெரும்பாலும் எலிகளிலிருந்தும் ஆய்வுக்கூட உயிரணுக்களிலிருந்தும் கிடைத்தவை. மனிதரிடம் நிரூபிக்கப்பட்ட சிகிச்சையாக அவை இன்னும் மாறவில்லை.

ஆனால் குடல் நலத்தின் பெயரால் விற்கப்படும் பொருட்கள் இன்று உலகெங்கும் கடைகளை நிறைத்துள்ளன. மெச்னிகோவின் காலத்தில் ஆய்வுக்கும் விற்பனைக்கும் இடையிலிருந்த தூரம் ஓரிரு ஆண்டுகளாகச் சுருங்கியது. அதன் விலையை, தேவையின்றிப் பெருங்குடலை இழந்த நோயாளிகள் செலுத்தினார்கள். குமிழிகள் பற்றிய ஆய்வு அந்தத் தவறைத் தவிர்க்குமா என்பது, மனிதரிடம் முறையான சோதனைகள் நடத்தி முடியும் வரை அறிவியலும் சந்தையும் பொறுத்திருக்குமா என்பதைப் பொறுத்தது.