துணி வணிகர் கண்ட நுண்ணுயிர்

ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரில் 1632-ஆம் ஆண்டு பிறந்தவர் ஆண்டனி வான் லீவன்ஹூக். துணி வணிகரான அவர் பல்கலைக்கழகம் சென்றவரல்லர், இலத்தீனும் அறியார். ஆயினும் தம் கையாலேயே சிறு வில்லைகள் செய்து, நுண்ணோக்கிகள் பல அமைத்தார்.

1681-இல் அவருக்கு வயிற்றுப்போக்கு கண்டது. பிறர் அருவருக்கும் மலத்தையே அவர் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். தட்டையான அடிப்புறமும் சிறு கால்களும் கொண்ட உயிர்கள் அதில் அசைந்தன. மலம் இயல்பாயிருந்தபோது அவை தென்படவில்லை என்பதையும் குறித்து, இலண்டன் ராயல் சங்கத்துக்கு எழுதினார்.

அவர் கண்டது ஜியார்டியா என்னும் குடல் ஒட்டுண்ணி என்பர் அறிஞர். கால்கள் என எண்ணியவை கசையிழைகளே. புதிய மலத்தை உப்புநீர்த் துளியில் கலந்து பார்த்தால், பேரிக்காய் வடிவான அவ்வுயிர் உதிரும் இலைபோல் புரண்டு செல்லும். உறை பூண்ட நிலையிலோ முட்டை வடிவாய் அசைவற்றிருக்கும். அயோடின் இட்டால் உட்கருக்கள் துலங்கும். அது நாள்தோறும் வெளிப்படாததால், வெவ்வேறு நாட்களில் மும்முறை சோதிப்பது வழக்கம்.

1723-இல், தம் 90-ஆம் வயதில் அவர் மறைந்தார். மருத்துவர் மலச்சோதனை செய்யச் சொன்னால் நாம் நாணுகிறோம். ஒரே முறையோடு நிறுத்தியும் விடுகிறோம். நோயோ உள்ளேயே தங்கிவிடுகிறது. நாணாமல் நோக்கிய அம்முதியவரை அப்போது நினைவுகூர்வோமாக.