பரேலில் ஒரு பெயர்: டாக்டர் ஹாப்கின் வரலாறு

பரேல் வழியாக நாள்தோறும் ரயிலேறி வேலைக்குச் செல்லும் நமக்கு ஹாப்கின் நிலையம் புதிதன்று. அங்குள்ள பழைய கவர்னர் மாளிகையே அதன் இருப்பிடம். ஆயினும் அப்பெயருக்கு உரியவர் யார் என்று நம் பிள்ளைகள் வினவினால், விடை கூற நம்மிற் பலர் தயங்குவோம். அக்குறை தீரவே இச்சிறு வரலாற்றை ஈண்டு எழுதுகிறோம்.

வால்டெமார் ஹாப்கின் 1860-ஆம் ஆண்டு, அன்றைய ருஷ்யப் பேரரசைச் சேர்ந்த ஒடெஸ்ஸா நகரில், யூதக் குடும்பத்தில் பிறந்தார். யூதராயிருந்தமையால் தாய்நாட்டில் உயர்பதவி கிட்டவில்லை. பாரிஸ் நகரில் பாஸ்டர் நிலையத்திலும் முதலிற் கிடைத்தது உதவி நூலகர் வேலையே. ஓய்வு நேரங்களில் ஆராய்ந்து, காலராவுக்குத் தடுப்பு மருந்து கண்டார். 1892 ஜூலையில் அதனைத் தம் உடலிலேயே முதலிற் செலுத்திக்கொண்டார். மறு ஆண்டு இந்தியா வந்து, பல்லாயிரவருக்கு அம்மருந்தை அளித்தார்.

1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் பிளேக் தோன்றியது. அதனைக் கண்டறிந்து அறிவித்தவர் கோவாவிற் பிறந்த டாக்டர் வீகாஸ். மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் நகரைவிட்டு ஓடினர். ஊர் வெளியேறிய அந்நாளில் உள்ளே வந்தவர் ஹாப்கின். பைகல்லாவிலுள்ள கிராண்ட் மருத்துவக் கல்லூரியில், தாழ்வாரத்தை ஒட்டிய இடமே அவர் ஆராய்ச்சிக்கூடம். துணைக்கு ஒரு குமாஸ்தாவும் மூன்று பியூன்களுமே இருந்தனர். வேலைப் பளுவால் உதவியாளர் ஒருவர் மனந்தளர்ந்து வீழ்ந்தார், இருவர் விலகினர். அவரோ விலகவில்லை. மூன்றே திங்களில் மருந்து ஆயத்தமாயிற்று. 1897 ஜனவரி 10-ஆம் நாள், முன்போலவே முதல் ஊசியைத் தமக்கே போட்டுக்கொண்டார். காய்ச்சலும் வலியும் கண்டு மீண்டபின்னரே பிறருக்கு அளித்தார். பைகல்லா சிறையில் பிளேக் புகுந்தபோது, விரும்பி முன்வந்த கைதிகளை அம்மருந்து காத்தது.

ஆயினும் 1902-இல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் ஊசி போட்டுக்கொண்டோருள் 19 பேர் வில்வாத நோயால் மாண்டனர். பழி முழுவதும் ஹாப்கின் தலையில் விழுந்தது. அவர் பதவி இழந்தார். உண்மை பின்னரே தெளிவாயிற்று. அவ்வூரில் ஒரு புட்டியைத் திறக்கும்போது உதவியாளரின் இடுக்கி தரையில் விழுந்தது. அதனைச் செவ்வனே சுத்தி செய்யாமற் பயன்படுத்தியதே தீங்கிற்குக் காரணம். அறிஞர் பலர் வழக்காடியதன் பயனாக 1907-இல் பழி நீங்கியது. ஆபீசில் ஒரு தாள் தவறினாலே உறக்கம் இழக்கும் நாம், ஐந்தாண்டுகள் அப்பெரும் பழியைச் சுமந்த உள்ளத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். பழைய அதிகாரம் திரும்பக் கிடைக்காதபோதும், அவர் மனங்கசக்காது கல்கத்தாவிற்கு மீண்டு வந்து பணியாற்றினார். 1925-இல் பரேல் நிலையம் அவர் பெயர் பெற்றது. 1930-இல் சுவிட்சர்லாந்தில் அவர் காலமானார்.

2020-இல் கொரோனாவுக்கு அஞ்சி நாம் கதவடைத்து வீட்டிலிருந்தோம். அந்நாளில் வார்டுகளுக்குள் சென்ற மருத்துவரும் தாதியரும் துப்புரவுப் பணியாளரும் ஹாப்கினின் வழிவந்தவர்களே. துன்பம் வரும்போது அவர்களை வணங்குகிறோம். தவறு நேர்ந்தால், விசாரியாமலே பழிக்கிறோம். அவ்வழக்கத்தை விடுத்தலே நாம் அப்பெருமகனுக்குச் செலுத்தத்தக்க நன்றிக்கடனாகும்.