ரத்த அணுக்களை நிறம் பிரித்த பால் எர்லிக்: ‘ரிசப்டர்’ என்ற சொல் பிறந்த கதை

பிளட் டெஸ்ட் ரிப்போர்ட்டில் நியூட்ரோஃபில், ஈசினோஃபில், பேசோஃபில் என்று வரிசையாக இருக்கும் இல்லையா? அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருப்பவர் பால் எர்லிக்.

சாயக்கறை மாணவர்

1854ல் பிரஷ்யாவின் ஸ்ட்ரெலன் நகரில் (இன்றைய போலந்து) பிறந்தவர். மருத்துவம் படித்தாலும் மனசெல்லாம் துணிச் சாயங்கள் மேல்தான். சாயம் ஏற்றுவதில் கெட்டி, ஆனால் பரீட்சையில் தேறமாட்டார் என்றுதான் ராபர்ட் கோக்கிடம் இவரை அறிமுகப்படுத்தினார்களாம். 1878ல் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார். ஒரே மாதிரி தெரிந்த வெள்ளை அணுக்கள், இவரது சாயம் பட்டதும் தனித்தனி வகைகளாகப் பிரிந்து தெரிந்தன.

காலியான எலும்பு மஜ்ஜை

1888ல் அவர் ஆராய்ந்தது, ரத்தசோகையால் இறந்த ஓர் இளம் கர்ப்பிணியின் உடல். ரத்த அணுக்கள் உருவாக வேண்டிய எலும்பு மஜ்ஜையில் கொழுப்புதான் இருந்தது. இன்று ‘ஏபிளாஸ்டிக் அனீமியா’ எனப்படும் நோயின் முதல் பதிவு இதுதான். அன்று சிகிச்சை எதுவும் இல்லை.

பூட்டும் சாவியும்

ஒரு சாயம் ஏன் குறிப்பிட்ட அணுவில் மட்டும் ஒட்டுகிறது? இந்தக் கேள்வியே அவரை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனது. செல்லின் மேல் பூட்டு போன்ற அமைப்புகள் உண்டு, பொருந்தும் சாவிதான் அதில் சேரும் என்றார். 1900ல் அதற்கு ‘ரிசப்டர்’ என்று பெயர் வந்தது. நச்சுப் பொருட்களை விளக்கத்தான் அவர் இதைச் சொன்னார். ‘ஹார்மோன்’ என்ற சொல்லே 1905ல்தான் வந்தது.

1908ல் நோபல் பரிசு, அடுத்து சிபிலிஸ் நோய்க்கு சல்வர்சான் மருந்து. 1915ல், 61 வயதில் காலமானார்.

பிறகு என்ன ஆச்சு?

சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபாய்டின் ஹார்மோன், மஜ்ஜையில் உள்ள இளம் செல்லின் ரிசப்டரில் சேர்ந்தால், அந்த செல் பிழைத்து, பெருகி, சிவப்பணுவாகும். சேராவிட்டால் செல் இறந்துவிடும். தட்டணுக்களைப் பெருக்க த்ராம்போபாய்டின் என்று வேறு சாவி, அதற்கு வேறு பூட்டு.

எரித்ரோபாய்டினை 1977ல் பிரித்தெடுக்க உதவியது எது தெரியுமா? ஏபிளாஸ்டிக் அனீமியா நோயாளிகளின் 2,550 லிட்டர் சிறுநீர். சிவப்பணு குறைந்தால் உடல் இந்த ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும், மிச்சம் சிறுநீரில் வெளியேறும்.

த்ராம்போபாய்டின் ரிசப்டரைத் தூண்டும் எல்ட்ராம்போபேக் மாத்திரை, 2014ல் அதே நோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ரத்த ஸ்டெம் செல்களிலும் அந்தப் பூட்டு இருப்பதால், சில நோயாளிகளுக்கு மூன்று வகை ரத்த அணுக்களுமே கூடுகின்றன. 1888ல் எர்லிக் காலியாகப் பார்த்த மஜ்ஜையை, அவர் பெயர் வைத்த ரிசப்டர் வழியாகவே இன்று டாக்டர்கள் தட்டி எழுப்புகிறார்கள்.