ரமண மகரிஷியின் கையில் வந்த கட்டி: சார்கோமா என்றால் என்ன?

செஞ்சியை அடுத்த அவலூர்பேட்டையில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் திருவண்ணாமலை போய்விடலாம். அங்கே ரமணாசிரமத்தில் 1950 ஏப்ரல் 14 இரவு 8.47 மணிக்கு ரமண மகரிஷி காலமானார். வயது 70. காரணம், இடது கையில் முழங்கைக்குப் பக்கத்தில் வந்த சார்கோமா என்ற அரிய புற்றுநோய்.

யார் இந்த ரமணர்?

1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்தவர். இயற்பெயர் வேங்கடராமன். 1896-ல், 16 வயதில், மதுரையில் மரணம் பற்றிய ஓர் அனுபவம் அவரை அடியோடு மாற்றியது. சில வாரங்களில் வீட்டில் சொல்லாமல் கிளம்பினார். விழுப்புரம் வரை ரயில், பிறகு கொஞ்சம் நடை, கொஞ்சம் ரயில் என்று செப்டம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலை சேர்ந்தார். அதன் பிறகு கடைசி வரை அந்த ஊரை விட்டுப் போகவே இல்லை.

கட்டி திரும்பத் திரும்ப வந்தது ஏன்?

1948-ன் கடைசியில் சின்ன உருண்டையாகத்தான் தெரிந்தது. 1949 பிப்ரவரியில் அகற்றினார்கள். ஒரு மாதத்துக்குள் மறுபடியும் வளர்ந்தது. மார்ச், ஆகஸ்ட், டிசம்பர் என்று அந்த ஒரே ஆண்டில் மொத்தம் நான்கு அறுவை சிகிச்சைகள். ரேடியம் சிகிச்சையும் கொடுத்துப் பார்த்தார்கள். கையையே எடுத்துவிடலாம் என்று டாக்டர்கள் சொன்னபோது ரமணர் சம்மதிக்கவில்லை.

இந்த நோயின் குணமே இதுதான். கட்டியைச் சுற்றி ஓர் உறை இருப்பதுபோலத் தெரியும். ஆனால் அதற்கு வெளியிலும் புற்றணுக்கள் பரவியிருக்கும். கட்டியை மட்டும் தோண்டி எடுத்தால் மிச்சம் இருப்பது மறுபடி வளரும். ரத்தம் வழியாக நுரையீரலுக்கும் போகலாம்.

எங்கிருந்து வருகிறது?

கொழுப்பு, தசை, நரம்பு உறை, ரத்தக் குழாய் போன்ற மென்திசுக்களில் வருவது இது. பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் சுமார் 1 சதவீதம்தான். ஆனால் 50-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பல வகைகளில், எந்த அணுவில் தொடங்கியது என்பதே தெளிவில்லை. சைனோவியல் சார்கோமா என்று ஒன்று இருக்கிறது. மூட்டின் உள்சவ்வில் இருந்து வருவதாக நினைத்துப் பெயர் வைத்தார்கள். அப்படி இல்லை என்று பிறகு தெரிந்தது. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

முன்பு எடுத்த கதிர்வீச்சு சிகிச்சை, நீண்ட நாள் நிணநீர் வீக்கம், சில பரம்பரை மரபணுக் கோளாறுகள் ஆகியவை காரணமாகலாம். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு இதில் எதுவுமே இருக்காது. அடிபட்டதால் வந்தது என்பார்கள். பல நேரம், அடிபட்ட இடத்தைத் தடவிப் பார்க்கும்போது ஏற்கெனவே இருந்த கட்டி கையில் தட்டுப்படும், அவ்வளவுதான். பக்தர்களின் வினையைத் தாமே ஏற்றுக்கொண்டார் என்று ரமணரின் அன்பர்கள் பலர் நம்பினார்கள். மருத்துவத்தின் பதில், பெரும்பாலும் காரணம் தெரியாது என்பதுதான். நோயாளி செய்த தப்பு என்று அதில் எதுவும் இல்லை.

இன்று என்ன மாறியிருக்கிறது?

ரமணர் காலமான நான்கு ஆண்டுகள் கழித்து, 1954-ல்தான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. கையையோ காலையோ எடுக்காமல், கட்டியைச் சுற்றியுள்ள நல்ல சதையோடு சேர்த்து அகற்றி, கதிர்வீச்சும் கொடுத்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு குறைவதில்லை என்று 1982-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. இப்போது முதலில் எம்ஆர்ஐ ஸ்கேன், அடுத்து ஊசி மூலம் பயாப்சி, அதற்குப் பிறகே அறுவை சிகிச்சை.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

உடம்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை சாதாரணக் கொழுப்புக் கட்டிகள்தான், பயப்பட வேண்டாம். ஆனால் 5 சென்டிமீட்டரைத் தாண்டினால், வளர்ந்துகொண்டே போனால், ஆழத்தில் இருந்தால், எடுத்த பிறகும் திரும்ப வந்தால் உடனே காட்டிவிடுங்கள். வலி இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். சார்கோமா ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.